மேலே இருந்த மூன்று வரிகள்

தேத்தண்ணிக்கு நன்றி ஐயா. சீனி கொஞ்சம் கூட, பரவாயில்லை. கேளுங்கள், மறைக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

1996இல் எங்கள் ரப்பர்க் கம்பெனியின் பதினொரு தோட்டங்களுக்கும் கம்ப்யூட்டர் வந்தது. தோட்டத்து ஆபீஸ் எழுத்தரான கிராணி அனுப்பும் செய்தி சிரம்பான் தலைமை ஆபீசில் ஒரு வரிசையில் வந்து நிற்கும். அதை எடுத்து, மற்றத் தோட்டங்களுக்குப் போகும் வரிசையில் போடுவது என் புரோகிராமின் வேலை. ஒவ்வொரு செய்திக்கும் மேலே மூன்று வரிகள் இருக்கும்: யார் அனுப்பியது, எத்தனை மணிக்கு, அவசரமா இல்லையா. ஹெடர் என்போம். வரிசை மாறும்போது அதுவும் அப்படியே கூடப் போக வேண்டும். அவசரமானது முந்திப் போகும். முதலில் அப்படித்தான் எழுதியிருந்தேன்.

ஒரே தொல்லை, காலையில் வந்த செய்தி மறுநாள்தான் போகிறது என்பது இரண்டாம் வரியிலேயே தெரிந்துவிடும். மானேஜர் உடையப்பன் மாதாமாதம் கூப்பிட்டுக் கேட்பார். மெஷின் தாங்கவில்லை என்றால் அவருக்குப் புரியாது. ஆகவே பழைய வரிகளை எடுத்துவிட்டு, போகும் நேரத்தையே அனுப்பிய நேரமாகப் போட வைத்தேன். மூன்றாம் வரியில் எல்லாவற்றுக்கும் ‘சாதாரணம்’ என்றே விழும்; அவசரமானதும் வரிசையில்தான் நிற்கும். மறுமாதம் தாமதம் பூஜ்யம். எனக்குப் பதவி உயர்வு வந்தது.

செண்டாயான் பக்கத்துத் தோட்டத்தில் நீலாவதி கிராணி. புதுப் பீப்பாயிலிருந்து களைமருந்து அடித்த இரண்டு பேர் மயங்கி விழுந்ததும், காலை ஏழு நாற்பதுக்கு அனுப்பினாள்: ‘பீப்பாயில் மருந்து மாறியிருக்கிறது. யாரும் அடிக்க வேண்டாம்.’ அவசரம் என்று குறித்திருந்தாள். அது உர ஆர்டர்களுக்கும் லீவு மனுக்களுக்கும் பின்னால் நின்று, மறுநாள் பத்தரைக்குப் போய்ச் சேர்ந்தது. அவள் தோட்டத்து ஆட்கள் பிழைத்துக்கொண்டார்கள். இன்னொரு தோட்டத்தில் பஞ்சாலை, மாரியம்மா என்ற இரண்டு பெண்கள் அதற்குள் அதே புது மருந்தை அடித்து முடித்திருந்தார்கள். இருவரும் ஆஸ்பத்திரியில் இறந்தார்கள்.

கம்பெனி விசாரணைக்கு முந்தின நாள் நீலாவதி என்னிடம் வந்தாள்.

“அண்ணே, நான் ஏழு நாப்பதுக்கே அனுப்பிட்டேன்லா. ஆபீசுக்குப் போன் போட்டா, கம்ப்யூட்டர்ல அனுப்புனு சொல்லிட்டாங்க. எங்க மெஷின்ல நகல் நிக்காது. ஒங்ககிட்ட இருக்கும், கொஞ்சம் பாருங்கண்ணே.”

“பாத்துட்டேன்மா. மறுநாள் பத்தரைனுதான் காட்டுது.”

“அப்ப நான்தான் பொய் சொல்றனா?”

“அப்படிச் சொல்லலமா. பதட்டத்துல மணி மறந்துருக்கும்.”



முதல் வரிசையின் நகலில் ஏழு நாற்பது, அவசரம் என்று இருந்ததை நான் அன்று காலையிலேயே பார்த்திருந்தேன். அவள் படியிறங்கியதும் அழித்தேன். பத்தரை என்றிருந்த தாளை விசாரணையில் நானே கொடுத்தேன். ஒரு நாள் கழித்துச் சொன்னாள் என்று அவளை வேலையிலிருந்து நீக்கினார்கள். பஞ்சாலையின் புருஷன் அவள் வாசலில் வந்து மண்ணை வாரித் தூற்றினான் என்று கேள்விப்பட்டேன்.

பிறகு அவள் வேலை கேட்டுப் போன ஒரு கடையிலிருந்து என்னிடம் விசாரித்தார்கள். நல்ல பெண், கெட்டிக்காரி, ஆனால் அவசர வேலை எதுவும் கொடுக்காதீர்கள் என்றேன். அதற்கு மேல் சொல்லி அவள் பிழைப்பைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.