தாய்க்குரங்குகளைப் பார்த்திருந்த தெரசம்மாள்

அவைத் தலைமை ஏற்றிருக்கும் பெரியவர் சென்றாயன் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் சான்றோரே, வாந்திபேதி ஓயாத இந்நாளிலும் இப்பள்ளி முற்றத்தில் கூடியிருக்கும் பனமரத்துப்பட்டி மக்களே, உங்கள் அனைவரையும் கண்ணீரோடு வணங்குகிறேன்.

நம் பள்ளி ஆசிரியை, அம்மையார் தெரசம்மாள் அவர்களைச் சென்ற வெள்ளிக்கிழமை அடக்கம் செய்தோம். அவரோடு சேர்ந்து பாடம் நடத்தியவள் என்ற உரிமையில் பேச வந்திருக்கிறேன். என்ன பேசுவேன்? ஆறுதல் சொல்லும் வாயையே அல்லவா மண்ணுக்குக் கொடுத்துவிட்டோம்?

"குரங்கு டீச்சர்" என்று ஊரார் அவரைக் கேலி பேசியதுண்டு. பள்ளி விட்டதும் ஏரிக்கரை ஆலமரத்தடிக்குப் போய்விடுவார். பெண் குரங்கு தாயான பின் மற்றக் குரங்குகளோடு எப்படிப் பழகுகிறது என்று பார்ப்பார். காது கிழிந்த குரங்கு ஒன்று இருந்தது. எல்லாரிடமும் வம்புக்குப் போகும். குட்டி பிறந்ததும் வம்பை விட்டது. கூடித் திரிந்த தோழிகளையும் விட்டுத் தன் தாயின் பக்கத்தில் ஒண்டிக்கொண்டது. குட்டியைத் தொட்டுப் பார்க்கும் ஆசையில் மற்றப் பெண் குரங்குகள் தேடி வந்து அதற்குப் பேன் பார்த்தன.

"அப்படியானால் தாயான எல்லாக் குரங்குக்கும் மதிப்பு வந்துவிடுமா?" என்று கேட்டேன்.

"இல்லைங்க. தாய், அக்கா தங்கச்சின்னு ஆரும் இல்லாதது குட்டியைக் கட்டிக்கிட்டுத் தனியாத்தான் ஒக்காந்திருக்குது. வலுத்தது வந்து குட்டியைப் புடுங்குனாலும் கேக்க நாதியில்லைங்க" என்றார்.

சென்ற மாதம் நோய் வந்தது. காட்டுவேலை செய்யும் நம் ஆராயியின் கைக்குழந்தை முதலில் போயிற்று. ஒட்டிக்கொள்ளுமே என்று அக்கம்பக்கம் கதவைச் சாத்தியது. சில நாளில், கடலைக்காட்டில் குரங்கு இறங்கிவிட்டதென்று ஆராயி தடியோடு ஏரிக்கரைக்கு வந்தாள். அங்கே தெரசம்மாள் பார்த்துக்கொண்டிருந்த காது கிழிந்த குரங்கு, செத்துப்போன தன் குட்டியை மார்பில் இடுக்கியபடி இருந்தது. அதன் தாயும் வேறொரு குட்டிக்காரியும் இருபுறமும் உட்கார்ந்து அதன் மயிரைக் கோதிக்கொண்டிருந்தன. ஆராயி தடியைக் கீழே போட்டாள்.

"என்ற புள்ள போனப்ப, ஆருங்க டீச்சர் இப்படி எம்பக்கத்துல வந்து ஒக்காந்தாங்க?"

தெரசம்மாள் எழுந்தார். ஆராயியின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் வீட்டுக்கே போனார். அன்று முதல் பிள்ளையைப் பறிகொடுத்த வீடு ஒவ்வொன்றுக்கும் போனார். கஞ்சி காய்ச்சினார், தலை வாரிவிட்டார், பேச்சற்ற தாய்மாரோடு பேசாமல் அமர்ந்திருந்தார். நான் தடுத்தேன். "ஒட்டிக்கும்னு எனக்குந் தெரியுங்க. அதுக்காவ அவங்களைத் தனியா உட்டுடறதா?" என்றார்.

ஒட்டிக்கொண்டது. வியாழக்கிழமை பாடம் நடத்தியவர் வெள்ளிக்கிழமை இல்லை. பிள்ளைப்பேறில்லாத அந்த அம்மையாரின் தலையை மடியில் தாங்கியிருந்தவள் ஆராயிதான்.

சபையோரே, நோய் இன்னும் போகவில்லை. மருந்து வந்தபாடில்லை. நேற்றுக் கீழத்தெருப் பொன்னாயியின் மகள் இறந்தாள். சாத்திய கதவுக்குள் அந்தத் தாய் அழுகிறாள். யார் போவது? அம்மையாரின் பணியைக் கட்டிக்காப்போம் என்று சூளுரைக்க எனக்குத் துணிவில்லை. இந்த மேடையை விட்டு இறங்கியதும் நானும் ஆராயியும் பொன்னாயி வீட்டுக்குப் போகிறோம். அவள் வாசல்வரையாவது எங்களோடு வாருங்கள்.