விதர்பி வண்டியின் அசல் பிரேக்

இத்தனை காப்பித் தோட்டங்களுக்கு நடுவில் இருந்துகொண்டு, ஏற்காட்டில் ஒரு கடையிலும் வாயில் வைக்கிற மாதிரி காப்பி கிடையாது. உங்கள் ஸ்டேஷன் காப்பியும் அப்படித்தான் இருக்கிறது, இன்ஸ்பெக்டர். குறையாகச் சொல்லவில்லை. கையில் இருப்பதன் அருமை தெரியாத ஊர் இது.

பேக்கரி ஜாபெஸ் இறந்த விஷயமாகத்தான் வந்தேன். அவன் வண்டியின் பிரேக்கில் கைவைத்தவன் என்று வாழவந்தி மெக்கானிக் பொன்னுவேலைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். வரும்போது பார்த்தேன், பெஞ்சில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறான். அவனை அனுப்பிவிடுங்கள். இரக்கப்பட்டுச் சொல்லவில்லை. அது அவன் தரத்துக்கு மீறிய வேலை. மொபெட்டுக்குப் பஞ்சர் ஒட்டுகிறவன் பேரில் என் கைவேலை போவதை என்னால் சகிக்க முடியாது.

என்னைத் தெரியாதவர்கள் இங்கே குறைவு. தேவசிகாமணி, சேலத்தில் மில் வைத்திருந்தவன், இப்போது பழைய மோட்டார் சைக்கிள் சங்கத்தின் தலைவர். ஊருக்கெல்லாம் பேர் தெரிந்த வண்டிகளை நான் சீந்துவதில்லை. பணமிருக்கிற எவனும் அவற்றை வாங்கித் துடைத்து வைத்துக்கொள்வான். நாலைந்து வருடம் நடந்துவிட்டு, முதல் உலகப் போர் வந்ததும் மூடிப்போன சின்னக் கம்பெனிகள் இருந்தன. அவற்றின் வண்டிகள்தான் எனக்கு. இங்கிலாந்தில் செய்த விதர்பி அதில் ஒன்று. எனக்குத் தெரிந்து உலகத்தில் மிஞ்சியது ஒன்றே ஒன்று, அதுவும் கொட்டச்சேட்டில் ஓர் எஸ்டேட் குடோனில் மூட்டைகளுக்குப் பின்னால் நின்றது.

எஸ்டேட் பெரியவரிடம் வருடக்கணக்கில் கேட்டுப் பார்த்தேன். தோட்டத்தை விற்றுவிட்டுக் கிளம்பும்போது அவர் அதை ஜாபெஸுக்குச் சும்மா தூக்கிக் கொடுத்துவிட்டுப் போனார். தினமும் ரொட்டி கொண்டுபோய்க் கொடுத்தவன் என்பதுதான் அவனுடைய தகுதி. "நீங்க கண்ணாடிப் பொட்டிக்குள்ள வச்சுப் பூட்டிருவீங்க. அவன் ஓட்டுவானுங்க" என்று என் முகத்துக்கு நேராகவே சொன்னார். அதையெல்லாம் நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. அதற்கும் நடந்ததற்கும் சம்பந்தமில்லை.

ஓட்டத்தான் செய்தான். நூறு வருடத்துக்கு மேல் தாங்கிய கரும்பச்சைப் பெயின்ட்டைச் சுரண்டிப் போட்டுவிட்டு, தண்ணீர் லாரிக்கு அடிக்கிற நீலத்தை அடித்தான். பெட்ரோல் டாங்கில் வேத வசன ஸ்டிக்கர் ஒட்டினான். மனைவி ஷெர்லின் உட்காரப் பின்னால் ஸ்பான்ஜ் மெத்தை வைத்தான். எல்லாவற்றுக்கும் மேலாக, பொன்னுவேலை விட்டு முன்சக்கரத்தில் ஒரு மொபெட்டின் பிரேக்கை மாட்டினான். மலை இறங்கும்போது நிற்க வேண்டாமா என்று காரணம் வேறு. ஞாயிறுதோறும் இரண்டு பேரும் அதில் சிரித்துக்கொண்டு சர்ச்சுக்குப் போவார்கள். அந்தக் கண்றாவியைப் பார்க்க மாட்டாமல் நான் வேறு வழியாகப் போவேன்.

போன மாதம் வீடு தேடி வந்தான். எங்கள் சங்கத்தின் வருடாந்தர ராலி ஏற்காட்டிலிருந்து மலை அடிவாரம் வரைக்கும் போகும். அதில் அவனும் வர வேண்டுமாம்.

"பரிசெல்லாம் வேண்டாமுங்க சார். எஸ்டேட் பெரியவரு பேரை மைக்குல ஒருக்கா சொல்லிருங்க. கேள்விப்பட்டா நொம்ப சந்தோசப்படுவாரு" என்றான்.

நான் விதியைச் சொன்னேன். வேறு வண்டியின் பாகம் இருந்தால் சேர்க்க முடியாது, மொபெட் பிரேக்கைக் கழற்ற வேண்டும். விதர்பிக்குக் கம்பெனி வைத்த பிரேக் ஒன்றுதான். மிதித்தால் ஒரு கட்டை போய்ப் பின்சக்கர விளிம்பில் அழுந்தும். குடோனில் கிடந்த காலத்திலேயே அந்தக் கட்டை காணாமல் போய், மிதி மட்டும்தான் மிஞ்சியிருந்தது. அதை நானே காசு வாங்காமல் மாட்டித் தருகிறேன் என்றேன்.

"ஏனுங்க சார், அந்தக் கட்டை நம்ம கொண்டை ஊசி வளைவுல நிக்குமுங்களா?"

"அந்தக் காலத்துத் துரைமாரெல்லாம் இதுலதான் எறங்குனாங்க" என்றேன்.

நம்பிவிட்டான். கோட்டு போட்டவன் சொன்னால் நம்புகிற ஜாதி. அந்த ஸ்டிக்கரைக்கூட அவனே சுரண்டி எடுத்துவிட்டு, மறுநாளே வண்டியைக் கொண்டுவந்து விட்டான்.

ராலி அன்று காலையில் பொடிமழை. கொடி அசைக்க நின்றேன். ஷெர்லின் புதுச்சேலை கட்டிக்கொண்டு வந்து, "நானும் பின்னாடி உக்காந்துக்கட்டுங்களா சார்?" என்று கேட்டாள். அவளைச் சேர்த்து நான் திட்டம் போடவில்லை, இதை எழுதிக்கொள்ளுங்கள். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்கள், அத்தனை பேருக்கு நடுவில் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். "தாராளமா உக்காரும்மா" என்றேன். பெரியவர் பேரையும் மைக்கில் சொன்னேன். கொடுத்த வாக்கை நான் மீறுவதில்லை.

மிச்சம் உங்களுக்குத் தெரியும். முதல் வளைவை எப்படியோ திருப்பிவிட்டான். அடுத்ததில் சுவரில் போய் மோதினான். அவன் அங்கேயே முடிந்துபோனான். அவள் சேலம் ஆஸ்பத்திரியில் இன்னும் கண் திறக்கவில்லை என்கிறார்கள்.

கொல்ல நினைத்தாயா என்று சுற்றி வளைத்துக் கேட்கிறீர்கள். அவன் அந்த வண்டியை விட்டு இறங்க வேண்டும் என்று நினைத்தேன். எப்படி இறங்குவான் என்பது அவன் பாடு. பிரேக் நிற்காது என்று தெரிந்துதான் கொடுத்தேன், அதில் ஒளிவுமறைவு இல்லை. ஆனால் தப்பான பாகத்தை மாட்டினேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். ஒரு அசல் வண்டியை அசலாக்கினேன், அவ்வளவுதான்.

அந்தக் கட்டையை எங்கே பிடித்தேன் என்கிறீர்களா? எங்கேயும் கிடைக்காது. விதர்பியின் பிரேக் கட்டை ஒன்றுகூட மிஞ்சவில்லை, படமும் இல்லை. அதன் முகத்தில் தோல் வைத்தார்களா ரப்பர் வைத்தார்களா என்று எனக்கும் தெரியாது. எஸ்டேட்டில் வெட்டிப் போட்டிருந்த சில்வர் ஓக் மரத் துண்டு ஒன்றை எடுத்து, இப்படித்தான் இருந்திருக்கும் என்று நானே செதுக்கினேன். மாட்டி முடித்ததும் சக்கரத்தைச் சுழல விட்டு, விளிம்பில் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றி, பிரேக்கை மிதித்துப் பார்த்தேன். சக்கரம் அது பாட்டுக்குச் சுற்றியது. மேலே ஒரு துண்டு ரப்பரை ஒட்டியிருந்தால் நின்றிருக்கும், ரப்பரும் பக்கத்திலேயே கிடந்தது. ஒட்டினால் அப்புறம் அது அசல் இல்லையே.