பதினோரு விநாடி மௌனம்

முதல் தடவை கேட்கும்போது இசைத்தட்டை நடுவில் நிறுத்தக் கூடாது, ஐயா. எங்கள் வானொலி நிலையத்தில் அது பழைய வழக்கம். புதிதாக வரும் தட்டை ஒருவர் முழுக்கக் கேட்டு, எங்கே கீறல், எங்கே மௌனம் என்று நேரத்தோடு தாளில் குறிக்க வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக அந்த ஒருவர் நான்தான்.

அன்று காலை வந்தது ஒரு பிரிட்டிஷ் சிம்பொனி. அதிகம் பேர் கேள்விப்படாதது. நானும் அதுவரை கேட்டதில்லை. என் மனைவியின் தம்பி அங்கேதான் அறிவிப்பாளன். எதிரே இருக்கும் இசைத்தட்டு அறைக்குப் போகிற வழியில் நின்றான். ஆஸ்துமாக்காரன். கையிலிருந்த இன்ஹேலரை என் மேசையில் வைத்துவிட்டு, தோளைத் தட்டினான்.

"மாமா, உங்க காது முன்ன மாதிரி இல்ல. மேல எழுதிக் குடுத்துட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க."

நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டில் சாப்பிடும்போதே செவிட்டு மாமா என்றுதான் கூப்பிடுவான். என் மனைவியும் சிரிப்பாள்.

அந்த இசைத்தட்டு அறைக்கு ஜன்னல் கிடையாது. உள்ளே ஒரே தூசி. கதவின் உள்பக்கக் கைப்பிடி உடைந்து மாதக்கணக்காகிறது. அதனால் கதவுக்கடியில் ஒரு மரத்துண்டைச் செருகி வைப்போம். அதைக் காலால் தள்ளினேன். கதவு தானாகச் சாத்திக்கொண்டது. என் மேசைக்குத் திரும்பி ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டேன்.

ஆரம்பமே பயமாக இருந்தது. முரசுகள் கிட்டே வந்துகொண்டே இருந்தன. பதினான்காவது நிமிடத்தில் எல்லா வாத்தியங்களும் சட்டென்று நின்றன. பதினோரு விநாடி மௌனம். அதற்குள் மூன்று தட்டல். 'தட்டில் பழுது' என்று குறித்தேன். ஹெட்ஃபோனைக் கழற்றலாமா என்று யோசித்தேன். நிறுத்தினால் முதலிலிருந்து கேட்க வேண்டுமே.

அதற்கப்புறம் இன்னொரு மௌனம் வந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டே கேட்டேன். என் ஆயுசில் அப்படிப் பயந்ததில்லை. முப்பத்தேழாவது நிமிடத்தில் வந்தது. ஒன்பது விநாடி. மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். 'சுத்தம்' என்று எழுதினேன்.

நீங்களும் அந்தத் தட்டைப் போட்டுப் பார்த்தீர்களாம். தட்டல் எதுவும் இல்லை என்கிறீர்கள். இருக்காது. தட்டியது அவன். கதவை அடைத்தது நான். இன்ஹேலர் என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. எதையும் மறுக்கவில்லை. ஒரே ஒரு வேண்டுகோள். அவன் எழுதிக் கொடுத்த புகாரோடு என் தாளையும் சேர்த்து வையுங்கள். அவ்வளவு கனத்த கதவு, காதில் ஹெட்ஃபோன் வேறு; அப்படியும் மூன்று தட்டலும் எனக்குக் கேட்டிருக்கிறது.