படுத்துக்கொண்டே அளந்த தூரம்

மேடையில் வீற்றிருக்கும் சுகாதார இயக்குநர் அவர்களே, டாக்டரம்மாவின் அன்புக் கணவர் அவர்களே, செவிலியர்களே, ஓட்டுநர்களே, தையல் தழும்போடு நலமாக வந்து அமர்ந்திருக்கும் நண்பர்களே! வணக்கம்.

டாக்டரம்மாவின் இந்த நினைவுக் கூட்டத்துக்கு அழத்தான் வந்தேன். ஆனால் அந்த அம்மாவை நினைத்தாலே சிரிப்பு முந்திக்கொள்கிறதே, என்ன செய்ய?

அறுவை சிகிச்சை எளிய மக்களுக்கு எட்டுகிறதா என்று வாழ்நாளெல்லாம் ஆராய்ந்தவர் நம் டாக்டரம்மா. மற்றவர்கள் வரைபடத்தை விரித்துத் தூரம் பார்த்தார்கள். இவர் என்ன செய்தார்? நோயாளி போகும் அதே வழியில் தம் வேனை ஓட்டச் சொல்லி, உள்ளே ஸ்ட்ரெச்சரில் ஏறிப் படுத்துக்கொண்டார்! தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். அதையே ஆராய்ச்சி முறையாக்கிவிட்டார்! கூட வேலை பார்த்த எங்களை விட்டாரா? ஒவ்வொருவராகப் படுக்க வைத்தார். என் இடுப்பு இன்றும் சாட்சி சொல்லும்!

மலையடிவார மருத்துவமனைக்கு ஆபரேஷன் தியேட்டர் கேட்டோம். "பெரிய ஆஸ்பத்திரிதான் பக்கத்துலயே இருக்கே!" என்று கைவிரித்தார் அன்றைய அதிகாரி.

"அப்படியா சார்? வாங்க, ஒரு நடை போய்ப் பாத்துட்டு வந்துடலாம்" என்று அவரை வேனில் ஏற்றினார் டாக்டரம்மா.

ஸ்ட்ரெச்சரில் படுத்த அதிகாரி முதல் வளைவிலேயே அலறினார். "ஐயோ, வண்டிய நிறுத்தச் சொல்லுங்கம்மா!"

"பிரசவ வலியில வர்றவ சொன்னா நிறுத்துவோமா சார்? கம்பியப் பிடிச்சுக்கங்க."

இடுப்பைப் பிடித்தபடி இறங்கியவர், அன்றே கையெழுத்துப் போட்டார். அந்தத் தியேட்டரில் முதலில் சிசேரியன் ஆன தாய் இதோ முன்வரிசையில் இருக்கிறார். பிறந்த மகளோ என் பேச்சைக் கொஞ்சமும் மதிக்காமல் நாற்காலிக்கு நாற்காலி தாவுகிறாள். தாவட்டும்! டாக்டரம்மாவுக்கு இதைவிட நல்ல அஞ்சலி உண்டா?

ஆனால், நண்பர்களே, அதே தியேட்டரை மூடப் போகிறார்களாம். மயக்க மருந்து கொடுக்க ஆள் இல்லையாம். பெரிய ஆஸ்பத்திரி பக்கம்தானாம்! எங்கேயோ கேட்ட குரல் போல இல்லை?

படுக்கையில் கிடந்தபோதும் டாக்டரம்மா தம் கணவரிடம் சொன்னது இதுதான்: "வேனை மட்டும் வித்துடாதீங்க. இன்னும் படுக்க வேண்டிய ஆளுங்க இருக்காங்க."

விற்கவில்லை, அம்மா! உங்கள் தியேட்டரையும் மூட விடமாட்டோம். உங்கள் முன் இது எங்கள் உறுதி.

இயக்குநர் ஐயா, தப்பாக நினைக்க வேண்டாம். வேன் வாசலில்தான் நிற்கிறது. அம்மாவின் ஓட்டுநரே ஓட்டுவார். ஸ்ட்ரெச்சருக்குப் புது உறை போட்டிருக்கிறோம். கூட்டம் முடிந்ததும் கிளம்பலாம்.

தலையணை மட்டும் கிடையாது!