பத்து நிமிஷ வேலை

– இதைத் தள்ளிக்கிட்டா தம்பி என் சைக்கிள் கடைக்கு வந்தீங்க? இருட்டுன பிறகு வந்திருக்கக் கூடாதா...

– ஏன்க்கா, ரெண்டு சக்கரம் இருக்கில்ல?

– தள்ளுவண்டிக்கும்தான் இருக்கு. சோப்பு வாங்கப் போன பெரிய கடையில வாங்கினதா?

– ...சோப்புக்குப் பக்கத்துலதான் வச்சிருந்தாங்க.

– அதானே. ஓட்டுறது யாரு?

– வீட்டுக்காரி. முந்தாநாள் திரும்புறப்ப கால் முன்சக்கரத்துல இடிச்சு விழுந்துட்டா. தாடையில நாலு தையல். நல்ல வண்டி வாங்காம வீட்டுக்குள்ள கால் வைக்காதேன்னு...

– நாலு தையலுக்கு அப்புறமும் வாய் பேசுதா? கெட்டிக்காரிதான். அந்தப் பச்சை வண்டியைப் பாருங்க. விலை கொஞ்சம் கூட, ஆனா...

– இருக்கட்டும்க்கா. இதுல என்னதான் கோளாறு?

– என்ன இல்லைன்னு கேளுங்க. முன்சக்கரத்தைப் பிடிச்சிருக்குற இந்தக் கவட்டை, ஃபோர்க்கு, முன்னாடி பாத்து வளையணும். இது ஓட்டுறவங்க மூஞ்சியைப் பாக்குது. பிரேக்கு பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டிருக்கு. பெட்டிக்குள்ள அடங்கத் திருப்பி வச்சு அனுப்பினதை அப்படியே விட்டுட்டு ஹேண்டில்பாரைச் சொருகியிருக்கான் ஒரு புண்ணியவான்.

– ...அப்படித்தான் இருக்கணும்னு நெனச்சிருப்பான்.

– நெனப்புதான் பொழப்பைக் கெடுக்குதுன்னு சும்மாவா சொன்னாங்க.

– ஒரு நாளைக்குப் பன்னெண்டு வண்டி, பாகம் பாகமா எடுத்துப் பூட்டணும்க்கா. கூட வர்ற படத்துல ஒரு எழவும் புரியாது.

– அடேங்கப்பா. வண்டி வாங்க வந்தீங்களா, அவனுக்கு வக்காலத்து வாங்க வந்தீங்களா? என்ன தம்பி, மொகம் செத்துப்போச்சு?

– நாளைக்கு அந்தப் பெரிய கடையில தள்ளுபடி விற்பனை. நாப்பது வண்டி வரிசையா நிக்குது. நாப்பதும் இதே மாதிரிதான்...

– எண்ணிப் பாத்த மாதிரி சொல்றீங்க.

– பூட்டினது நான்தான்க்கா. இதையும் சேத்து.

– தெரியும்.

– தெரியுமா? எப்படி?

– சட்டை முதுகுல உங்க கடைப் பேரு இம்மாம் பெருசா இருக்கு. நீங்க பாத்திருக்க மாட்டீங்க, பின்பக்கமாச்சே.

– கேலி பண்ணாதீங்க. என் பொண்டாட்டி தாடையைக் கிழிச்சதே நான்தான்னு இப்பதான் தெரியுது எனக்கு... இதைச் சரி பண்ண எவ்வளவு நேரமாகும்?

– ஒரு போல்ட்டைத் தளர்த்தணும், ஃபோர்க்கைத் திருப்பணும், முறுக்கணும். பத்து நிமிஷம்.

– பத்து நிமிஷமா? அப்ப எதுக்கு அந்தப் பச்சை வண்டியைக் காட்டினீங்க?

– ...இந்த வருஷம் நீங்க பூட்டினது பதினேழு வந்துச்சு. இது ஓட்டைன்னு சொல்லி, பதினேழு பேருக்கும் புதுசை வித்தேன்.

– ஒருத்தர்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே, கடைக்குப் போய்ச் சொல்லுங்கன்னு...

– மொத ஆள் வந்தப்பவே சொல்லியிருந்தா இது நடந்திருக்காது. ஸ்பேனரை எடுங்க, அந்த நாப்பதையும் சரி பண்ண நானும் வர்றேன். உங்க வீட்டம்மா தாடையில இருக்குற நாலுல ரெண்டு தையல் நான் போட்டது.