லோக்கல் ஐடிக்கு ரூம் இல்லை

— லோக்கல் ஐடிக்கு ரூம் கிடையாதும்மா. இதோட மூணு வாட்டி சொல்லிட்டேன்.

— அதான் சார் எனக்குப் புரியல. ரூமு கீதா, இல்லியா? அத்த மொதல்ல சொல்லுங்க.

— இருக்கு. மூணாவது மாடியில ஃபேமிலி ரூம், ஃபேன் மட்டும், தொள்ளாயிரம் ரூபா. உங்களுக்குத்தான் இல்ல.

— கீதுன்றீங்க, எங்களுக்கு இல்லன்றீங்க. நாங்க இன்னா சார் பண்ணோம்?

— நீங்க ஒண்ணும் பண்ணலம்மா. இங்க பாருங்க, உங்க ஆதார்ல என்ன போட்டிருக்கு? தேவானை, கணவர் பெயர் முருகையன், கால்வாய்க்கரை மூணாவது சந்து, மயிலாப்பூர், சென்னை நாலு. நம்ம லாட்ஜ்லேர்ந்து பத்து நிமிஷம் நடக்கணும். பத்து நிமிஷத்துல வீட்ட வச்சிக்கிட்டு யாராவது லாட்ஜுல ரூம் கேப்பாங்களா? போலீஸ் வந்து ரிஜிஸ்டரப் பாத்தா என்னைத்தான் நிக்க வச்சுக் கேப்பான்.

— அந்த வூடு இப்ப இல்ல சார்.

— இல்லன்னா?

— இடிச்சிட்டாங்க. மொதல்ல வந்து செவுத்துல நம்பரு எழுதிகினு போனாங்க. அப்பால ஒரு நா மிஷினு வந்துச்சி. ரெண்டு வருஷம் ஆவுது. எங்கள ஊருக்கு வெளிய, பெரும்பாக்கத்துல கொண்டுபோய் விட்டாங்க.

— அப்ப கார்டுல அட்ரஸ் மாத்தியிருக்கணும்ல?

— மாத்த மாட்டேன்.

— ம்மா, சாருகிட்ட போய் சண்ட போட்டுகினு.

— நீ சொம்மா இரு மணிமொழி. மாத்த மாட்டேன் சார். எல்லாரும் மாத்திட்டாங்க, எங்க சந்துலியே நான் ஒருத்திதான் மாத்தல. மாத்தினா, நாமளே ஒத்துகினு போன மாரி ஆயிடும். ரேஷனுக்கு அலைய வெச்சாங்க, பேங்குல அலைய வெச்சாங்க, அப்பவும் மாத்தல.

— மாத்தியிருந்தாலும் பிரயோஜனம் இல்லம்மா, பாவம். பெரும்பாக்கமும் எங்க ஓனர் கணக்குல லோக்கல்தான். மதுரைன்னு கொண்டாங்க, திருநெல்வேலின்னு கொண்டாங்க, இந்த நிமிஷம் சாவி தரேன். இந்த ஊர்க்காரங்களுக்கு மட்டும் இல்ல.

— மெய்யாலுமே சொல்றேன் சார். எங்கள இந்த ஊர்க்காரங்கன்னு சொன்ன மொத ஆளு நீங்கதான். ஆக்கிரமிப்புன்னாங்க, கால்வாய் நாறுதுன்னாங்க, கூட்டம்னாங்க. எங்க ஆயா, அம்மா, நானு, இவ, எல்லாம் அந்த ஒரு சந்துலதான் பொறந்தோம். அப்பல்லாம் நாங்க வெளியூரு. இப்ப ஒரே ஒரு ராத்திரி படுத்துக்க எடம் கேட்டா லோக்கலா?

— என்கிட்ட கேட்டு என்னம்மா பண்றது? நான் இங்க சம்பளத்துக்கு உக்காந்திருக்கறவன். அதோ மேல பாருங்க, கேமரா. ஓனர் வீட்லேர்ந்தே பாத்துக்கிட்டு இருப்பார்.

— பாக்கட்டும். நல்லா பாக்கட்டும்.

— ம்மா, வா போலாம். கெஞ்சாத.

— எங்கடி போறது? காலையில ஒம்போது மணிலேர்ந்து சுத்திகினு கீறோம் சார். டி.நகர்ல பஸ் ஸ்டாண்டாண்ட மூணு லாட்ஜு பாத்தாச்சி. ஒருத்தன் ரெண்டாயிரத்து எண்ணூறுன்றான். ஒருத்தன் ஆம்பள தொண இல்லாம லேடீஸுக்கு ரூமு இல்லன்றான். இன்னொருத்தன் உங்கள மாரியேதான், கார்டத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு லோக்கல்ன்னான். அடையாறுல வூட்டு மாடிய வாடகைக்கு உடறாங்கன்னு இவ போன்ல பாத்து பேசினா. வாங்க வாங்கன்னாங்க. நேர்ல போய் நின்னா, என் சேலையப் பாத்தாங்க, இந்தக் கட்டப்பையப் பாத்தாங்க, இப்பத்தாம்மா வேற ஆளுக்குக் குடுத்துட்டோம்ன்னாங்க.

— சொந்தக்காரங்க யாரும் இல்லியா இந்தப் பக்கம்?

— இருந்தவங்க எல்லாம் எங்க கூடவே லாரியில ஏறிட்டாங்க. நொச்சிக்குப்பத்துல லாரன்ஸுன்னு எங்க வூட்டுக்காரருக்கு சிநேகிதன் ஒருத்தன். அவன் வூட்ல ஒரே ரூம்ல ஏழு பேரு, பொண்டாட்டி பச்ச ஒடம்புக்காரி. எப்பிடிக் கேக்கறது? அபிராமபுரத்துல சுப்புலக்ஷ்மி அம்மா வூட்ல பதினோரு வருஷம் வேல செஞ்சேன். மத்தியானம் அங்கியும் போனேன். “தேவானை, நோக்கு இல்லேன்னு சொல்ல மனசு வரலடி, அமெரிக்காலேர்ந்து பொண்ணு கொழந்தேளோட வந்திருக்கா, ஆத்துல கால் வைக்க எடமில்ல”ன்னாங்க. காப்பி மட்டும் குடுத்தாங்க.

— அதுவாவது குடுத்தாங்களே.

— என் டம்ளர்லியே குடுத்தாங்க சார். ரெண்டு வருஷம் ஆச்சி, இன்னும் அத்த தனியா, கொல்லப்பக்கத்து மாடத்துல கவுத்து வெச்சிகினு கீறாங்க. மயிலாப்பூர் பக்கம் எனக்குன்னு எடம் போட்டு வெச்சிருக்கறது அந்த டம்ளரு ஒண்ணுதான்.

— சேசுவே. சரி, வீட்டுக்காரர் எங்க?

— டி.நகர்ல துணிக்கடையாண்ட செக்யூரிட்டி. கட மாடியிலியே படுத்துக்குவாரு, வாரத்துக்கு ஒருக்கா வருவாரு. டூட்டியில போன வாங்கி வெச்சிடுவாங்க.

— பாருங்கம்மா, ஒரு ராத்திரி ஒரு ராத்திரின்றீங்க. அப்பிடி என்னம்மா அவசரம்? பெரும்பாக்கத்துக்கு பஸ் இருக்கு. போய்ட்டு காலையில வாங்களேன்.

— காலையில வந்ததுனாலதான் சார் போன வருஷம் போச்சி.

— என்ன போச்சு?

— பரீட்ச. கவர்மெண்டு வேலைக்கு எழுதற பரீட்ச. நாளைக்குத்தான் அது. போன வருஷம் இவளுக்கு டி.நகர்ல ஒரு ஸ்கூல்ல போட்டிருந்தாங்க. ஆறு மணிக்கே கெளம்பினா. மொத பஸ்ஸு நிக்காமயே போச்சி. ரெண்டாவது பஸ்ஸு வேளச்சேரியில மாட்டிகிச்சி. எறங்கி ஓடியிருக்கா சார், செருப்பு அறுந்து, கையில எடுத்துகினு ஓடியிருக்கா. நாலு நிமிஷம். நாலே நாலு நிமிஷம் லேட்டு. கேட்ட சாத்திட்டாங்க. உள்ள பசங்க நடந்து போறது தெரியுதாம், கூப்புட்டா கேக்கற தூரமாம். இவ கம்பியப் புடிச்சிகினு நின்னிருக்கா. ராவெல்லாம் ரெண்டு வருஷம் படிச்சது சார் அது.

— ம்மா, போதும்.

— எதுக்கு போதும்? சொல்லத்தான் செய்வேன். எனக்கு வயிறு எரியுது. அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன் சார். அடுத்த வாட்டி எந்த ஸ்கூல்ல போடறாங்களோ, மொத நாளே போய் அதுக்குப் பக்கத்துல படுத்துக்கணும். எழுந்தமா, மூஞ்சக் கழுவினமா, நடந்து போனமான்னு இருக்கணும். இந்த வருஷம் மயிலாப்பூர்னு இவ வந்து சொன்னா. எனக்கு அழுவறதா சிரிக்கறதான்னே தெரியல. ரெண்டு வருஷமா நான் இந்தப் பக்கம் கால் வெக்கல சார். அந்த எடத்தப் பாக்க என்னால முடியாது, அதான் மொதல்ல டி.நகரு, அடையாறுன்னு தேடினேன். இப்பக்கூட கால்வாய்ப் பக்கம் போவாம சுத்திகினுதான் வந்தோம். இவளுக்கோசரம்தான் வந்தேன்.

— பாப்பா, நீ வீட்லேர்ந்தே நாலு மணிக்கு எழுந்து கெளம்ப முடியாதா? அம்மா எழுப்பி விட மாட்டாங்களா?

— எங்கம்மா எழுப்பறதுக்கு தூங்கினாத்தான சார்? அது தூங்கவே தூங்காது. ராத்திரி முழுக்க கதவாண்ட சேரப் போட்டுகினு உக்காந்துகினு இருக்கும்.

— எட்டாவது மாடி சார். யாருக்குத் தூக்கம் வரும்? எனக்கு பாயிக்குக் கீழ மண்ணு இருக்கணும். அங்க கீழயும் ஆளு, மேலயும் ஆளு, நடுவுல தொங்கிகினு கீறோம். லிஃப்டு ஏறி வர சத்தம் கேட்டா மிஷினு வர மாரியே கீது. ஒடனே எழுந்து உக்காந்துடுவேன். என் தூக்கம் கெடக்கட்டும் சார். இவள உள்ள விட்டுட்டா போதும்.

— ...ஒண்ணு சொல்லட்டுமாம்மா? என் பேரு பவுல்சாமி. இந்த லாட்ஜுக்கு வந்து நாலு வருஷம்தான் ஆச்சு. அதுக்கு முன்னாடி முப்பது வருஷம் ஸ்கூல் ஆபீஸ்ல க்ளார்க். பரீட்சை நாள்ல கேட்ட சாத்தறது யார் தெரியுமா? நான்தான். மணியப் பாத்துக்கிட்டே நிப்பேன். டைம் ஆச்சுன்னா சாத்திருவேன். கொஞ்சம் முன்னாடி எழுந்து வர வேண்டியதுதான, பொறுப்பில்லாத புள்ளைங்கன்னு திட்டிட்டு உள்ள போய் டீ குடிப்பேன். எங்கேருந்து வருதுங்கன்னு ஒரு நாளும் கேட்டதில்ல. எத்தன புள்ளைங்க மூஞ்சிக்கு நேரா சாத்தியிருக்கேன், மாதாவே.

— நீங்க இன்னா சார் பண்ணுவீங்க. ரூலு.

— ஆமா, ரூலு. அங்கியும் ரூலு, இங்கியும் ரூலு. ...பரவால்ல. சாவி இந்தாங்க. முந்நூத்தி ரெண்டு. பைப்புல ஆறு மணிக்கு மேல தண்ணி வரும்.

— சார்!

— அழாதீங்கம்மா. கைய எடுத்துக் கும்பிடாதீங்க, கேமரா இருக்கு. ஒண்ணே ஒண்ணு, ஹால் டிக்கெட்டக் குடுங்க. வெளியிலேர்ந்து பரீட்சை எழுத வந்தவங்கன்னு ரிஜிஸ்டர்ல எழுதி, அதோட ஒரு ஜெராக்ஸ் ஒட்டிக்கறேன். நாளைக்கு ஓனர் கேட்டா காட்டறதுக்கு எனக்கும் ஏதாவது வேணும்ல?

— ஹால் டிக்கெட்டு எதுக்கு சார்? அதான் ஆதார் குடுத்தோமே.

— ஆதார் வச்சு எழுத முடியாதும்மா, அதத்தான இவ்ளோ நேரம் பேசினோம். ஹால் டிக்கெட் இருந்தா என் கை சுத்தம்.

— ம்மா, வேணாம்மா. போய்டலாம்.

— இன்னாடி கிறுக்கு புடிச்சிகிச்சா உனக்கு? நாள் பூரா நாயா அலைஞ்சி, ஒரு புண்ணியவான் சாவி குடுக்கறாரு. எடு அத்த.

— பையில அடியில கீதும்மா. கசங்கிடும்.

— கசங்கினா கசங்கட்டும். கொண்டா இங்க. இந்தாங்க சார், இதான. எனக்கு எழுத்து அவ்ளோ ஓடாது, போட்டோவப் பாத்து சொல்றேன்.

— இதேதான். பரீட்சை காலையில ஒம்பதரை. ஒம்பது மணிக்கு மேல அனுமதி இல்ல. சரி. பேரு மு. மணிமொழி. சரி. தேர்வு மையம்... இருங்க, கண்ணாடியப் போட்டுக்கறேன்.

— மயிலாப்பூர் சார். இங்கியேதான். ஸ்கூலு பேரு இவ சொல்லுவா.

— மயிலாப்பூர்னு இல்லியேம்மா.

— நல்லா பாருங்க சார்.

— பாத்துட்டேன். ரெண்டு வாட்டி பாத்துட்டேன். அரசு மேல்நிலைப்பள்ளி, குடியிருப்பு வளாகம், பெரும்பாக்கம்.

— சார், தப்பாப் படிக்கறீங்க. அது எங்க பிளாக்குக்குப் பின்னாடி கீற ஸ்கூலு. எங்க ஜன்னலாண்ட நின்னா அதோட தண்ணி டேங்கு தெரியும்.

— அந்த ஸ்கூல்தாம்மா.

— மணிமொழி. சாரு இன்னா சொல்றாரு?

— பாப்பா, அம்மா கேக்கறாங்கல்ல?

— மூஞ்சப் பாத்து பேசுடி. உனக்குத் தெரியுமா?

— ...தெரியும்மா.

— எப்பலேர்ந்து?

— டிக்கெட்டு எடுத்த அன்னிக்கே. பதினோரு நாளா.

— பதினோரு நாளா நான் ரூமு ரூமுன்னு கேட்டுகினு கீறேன். காலையிலேர்ந்து என் கூடவே நடந்தியே. அந்த அடையாறு வூட்டுக்காரி என்ன மேலயும் கீழயும் பாத்தாளே, அப்பக்கூட வாயத் தொறக்கலியேடி. போன வருஷம் பட்டது பத்தாதா? நாளைக்கும் லேட்டாயி கேட்ட சாத்தினா?

— சாத்த மாட்டாங்கம்மா. காலையில இங்கேருந்து அந்தப் பக்கம் போற பஸ்ஸெல்லாம் காலியாத்தான் போவும். அஞ்சு மணிக்கு ஏறினா ஆறரைக்குள்ள எறங்கிடலாம். எல்லாம் விசாரிச்சிட்டேன்.

— அப்ப எதுக்குடி இந்தப் பொய்யி? வூட்டுக்குப் பின்னால பரீட்சய வெச்சிகினு, எதுக்குடி என்ன இங்க இட்டாந்த?

— எனக்குன்னு சொன்னாத்தான் நீ வருவ. அங்க போய் ரெண்டு வருஷத்துல ஒரு நா ராத்திரிகூட நீ தூங்கி நான் பாத்ததில்லம்மா. அந்தக் கார்டுல போட்டுகீற ஊருக்கு இட்டாந்தா, ஒரு ராத்திரியாவது தூங்குவன்னு நெனச்சேன்.