வெறும் கையும் சாளைதான்

நாகர்கோவிலிலிருந்து குளச்சல் போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் இரண்டு கல்லூரிப் பெண்களும் மூன்று பைகளும். ஓரத்துப் பை விழுந்துவிடுமோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஜன்னலோரத்தில் இருந்தவள் சொன்னாள்:

"ஏட்டி, எங்கப்பா சாளை மீனாம். கம்ப்யூட்டர் சொல்லுது."

"உன் கடைசி வருஷ புராஜெக்டா? கொச்சிக் கம்பெனி பணம் போட்டதுதானே?"

"அதேதான். போட்டோவப் பாத்து என்ன மீனுன்னு அது சொல்லணும். அதுக்குக் கத்துக்குடுக்க, அயிலை, நெத்திலி எல்லாம் தரையில கெடந்ததத்தான் போட்டோ எடுத்தேன். சாளைய மட்டும் அப்பா கையில வச்சுக் காட்டினாரு. இப்போ எந்தக் கையக் கண்டாலும் சாளைங்குது. வெறும் கையையும்."

மற்றவள் சிரித்தாள், பிறகு சட்டென்று நிறுத்தினாள்.

"கம்பெனிக்காரங்க எப்போ வாறாங்க?"

"நாளைக்கு. இது சரியா வந்தாத்தான் வேலைக்கு எடுப்பாங்க மக்கா."

"அப்பாகிட்ட சொன்னியா?"

"சொன்னேன். 'மெஷின் சரியாத்தான் சொல்லுது, சோப்புப் போட்டாலும் போகாத வாடையாக்கும்'னு சிரிக்காரு."

"சிரிச்சா ஆச்சா? சாளையத் தரையில போட்டு எடு. மத்த மீனையெல்லாம் கையில வச்சு எடு. ஒரே கை போதாது, பல கை வேணும். அப்பத்தான் கை வேற, மீன் வேறன்னு அதுக்குத் தெரியும்."

பஸ் மண்டைக்காடு தாண்டியது. எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. பிறகு ஜன்னலோரத்தில் இருந்தவள் போனை எடுத்தாள்.

"அப்பா, கடப்புறத்துல மீன் ஏலம் முடிஞ்சாச்சா? அங்க நிக்குத யாரையும் போக விடாதீங்க. எனக்கு எல்லாரு கையும் வேணும். இல்லப்பா, கழுவாண்டாம். அப்படியே நிக்கச் சொல்லுங்க, நான் வந்துட்டேன்."